இரு தாயர் காட்டும் நெறி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



எம்பெருமான் அவதரிப்பதற்கு ஒரு தூணே போதும் என்பதை நரசிம்மாவதாரத்தில் கண்டோம். ஆயினும் கண்ணனாக வந்த காலத்தில் ஒரு தாயின் திருவயிற்றில் வாசம் செய்தான்; மற்றொரு தாயின் பாலுண்டு வளர்ந்தான். தாய்மைக்கு இதனினும் ஏற்றம் வேறு உண்டோ?

கண்ணன் பிறந்த செய்தி கேட்டு ஆயர் ஓடியதையும் விழுந்ததையும், எண்ணெயும் சுண்ணமும் தூவி முற்றத்தைச் சேறாக்கியதையும் பெரியாழ்வார் திருக்கோட்டியூரை முன்னிட்டுப் பாடினார். எல்லார் கண்ணும் பிள்ளைமேல்! பெற்றவள் என்று ஊரார் கொண்டாடிய யசோதையின் நிலை என்ன? ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தத்து மூன்றாம் அத்தியாயம் அதனைச் சொல்லிவைத்தது. களைப்பு மிகுந்து உறக்கத்தில் நினைவிழந்தமையால், பிறந்தது ஆணா பெண்ணா என்பதையும் அவள் அறியவில்லை. இது யோகமாயையின் செயலே. எனினும் பிரசவித்தவளின் களைப்பை வியாஸ பகவான் மறவாமல் குறித்தார். அதனை மறப்பவர் நாமே.

பத்து நாள் தீட்டு என்று பெரியோர் வைத்தது, அடுப்படியிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஓய்வு என்று கொள்வதே தகும். காற்றில்லாத அறையில் ஒதுக்கி, தண்ணீரை அளந்து கொடுத்து, அன்னத்தைக் குறைப்பது பத்தியமன்று, ஹிம்ஸை. பாலூட்டுபவளுக்கு முன்னிலும் அதிகமான உணவும் நீரும் வேண்டும். உடல் தேறச் சுமார் ஆறு வாரம் ஆகும். அதற்குள் உதிரப்போக்கு மிகுந்தாலும், ஜுரம், கடுந்தலைவலி, வலிப்பு, மூச்சுத்திணறல் கண்டாலும், நல்ல நேரம் பாராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மற்றொரு தாய் தேவகி. பெற்ற பிள்ளைக்குப் பாலூட்டவும் தாலாட்டவும் பெறாத அவளுடைய ஆற்றாமையைக் குலசேகரப் பெருமாள் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் பாடினார். பிள்ளை பெற்றவளுக்கு அழுகை எதற்கு என்று ஆழ்வார் கேட்கவில்லை. அவளோடு கூட அழுதார். பேறு கழிந்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரம் கடந்தும் அத்துயரம் நீங்காவிடில் அது நோய், மருத்துவத்தால் தீரும். அவளைக் கடிந்து பேசுவது பாவம். பெண் பிறந்ததென்று முகம் சுளிப்பது அதனினும் பெரும்பாவம். கோதை நாச்சியாரைத் துளசி வனத்தில் கண்டெடுத்த பெரியாழ்வார் அவளைப் பெரும்பேறாகவன்றோ வளர்த்தார்!

இனிக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. பாலுண்ணாமல் உறங்கிவிட்ட பிள்ளைக்காக யசோதை பதறி, முலையுண்ண வா என்று அழைப்பதாகவும் பெரியாழ்வார் பாடினார். அந்தப் பதற்றம் நமக்குப் பாடம். பச்சிளங்குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தால், உடல் சுட்டாலும் குளிர்ந்தாலும், தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். சேனை வைப்பதென்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ வேண்டா. ஆழ்வார் பாடிய ஆய்ப்பாடியில் பிள்ளையை உடனே நீராட்டி மஞ்சளால் நா வழித்தனர். இன்றைய வைத்தியமோ முதல் நாள் முழுவதும் நீராட்டாமல் துடைத்துப் போர்த்தித் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் சொல்கிறது. தொப்புளில் மருந்தும் சாம்பலும் இடாமல் உலர விடச் சொல்கிறது. வழக்கம் மாறும், வாத்ஸல்யம் மாறாது.

இத்திருவிழாவில் பச்சை உடம்போடும் பச்சைக் குழந்தையோடும் பிரார்த்தனை செலுத்த நெரிசலில் நிற்போரைக் காண்கிறோம். அன்பர்களே, அவசரம் வேண்டா. ஆனைக்கு உதவ அரைகுலையத் தலைகுலைய ஓடி வந்த பெருமான், உங்கள் குழந்தை தேறி வரும்வரை காத்திராமற் போவானோ? இல்லத்தில் அத்தாய்க்கு ஒரு வேளை சூடான அன்னம் இட்டு, ஒரு ஜாமம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கச் செய்யுங்கள். கணவரும் மாமியாரும் செய்யும் அந்தப் பணிவிடை யசோதைக்குச் செய்த கைங்கர்யமாகும்.

தாயரும் சேயரும் நலம் பெற்று வாழ எம்பெருமான் திருவருள் புரிவானாக!

அடியேன் ராமாநுஜதாஸன்