இணையத் தேடலும் வேட்கையின் மொழியும்

ஆண், பெண் வேட்கையின் இயல்பு யாது என்னும் வினா மிகப் பழமையானது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆய்வாளர் ஆல்பிரெட் கின்சி இதற்கு விடைகாண நேர்காணல் முறையை மேற்கொண்டார். ஆடவர் பற்றிய அவரது நூல் 1948இலும் மகளிர் பற்றிய நூல் 1953இலும் வெளிவந்தன. நேர்காணலில் நாணமும் அச்சமும் விடையைத் திரிக்கக்கூடும். எனவே, தனித்திருந்து தேடுபொறியில் இடும் சொற்களே மெய்யான வேட்கையைக் காட்டும் என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தரவும் முடிபும்

ஓகி ஓகாஸ், சாய் காடம் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட நூல் ஏறத்தாழ 40 கோடித் தேடல்களை அடிப்படையாகக் கொண்டது. ஆடவர் வேட்கை காட்சியை நாடுவது என்றும், மகளிர் வேட்கை கதையையும் உறவின் சூழலையும் நாடுவது என்றும் அவர்கள் முடிவு செய்தனர். அதற்கு முன்னர், 2009இல், ரசிகர் புனைகதை எழுதுவோரிடையே அவர்கள் மேற்கொண்ட வினாநிரல் ஆய்வு, அக்குழுவினரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது.

இம்முடிபை ஏற்பதற்கு முன் சில ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, தேடல் ஒரு செயல். வேட்கை ஓர் உள்ளநிலை. அறியும் ஆவல், அச்சம், ஐயம் ஆகியனவும் ஒருவரைத் தேடத் தூண்டும். இரண்டாவது, தேடுபவர் ஆணா பெண்ணா என்பதைத் தேடற்சொல் தானே உரைப்பதில்லை. அது பெரும்பாலும் ஊகித்தே அறியப்படுகிறது. மூன்றாவது, தனிமை எல்லார்க்கும் ஒப்ப வாய்ப்பதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆடவர் 57 விழுக்காட்டினர். மகளிர் 33 விழுக்காட்டினரே. குடும்பத்தார் பலரும் எடுத்தாளும் கைபேசியில் ஒரு பெண் எதைத் தேடாமல் விடுகிறாள் என்பதை எந்தத் தரவும் பதிவு செய்வதில்லை.

கூற்று விதியும் உள்ளநிலையும்

இவ்விடத்துத் தமிழ் இலக்கண மரபு ஒரு தெளிவைத் தருகிறது. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லால் உரைப்பதில்லை என்பது தொல்காப்பியக் களவியல் காட்டும் மரபு. ஆயினும் அவளிடத்து வேட்கை இல்லை என்று அந்நூல் கூறவில்லை. அது வெளிப்படும் குறிப்புகளை மெய்ப்பாட்டியல் வகுத்துரைக்கிறது. கூற்றுக்குரிய விதி வேறு, உள்ளநிலை வேறு என்னும் வேறுபாடு இங்குப் பேணப்பட்டுள்ளது. வெள்ளிவீதியார், ஆண்டாள் ஆகியோர் பாடல்கள் மகளிர் வேட்கையை வெளிப்படையாகவே மொழிகின்றன. களம் மாறின் கூற்றும் மாறும் என்பதற்கு இவை சான்றாகும். புனைபெயரில் எழுத இயலும் ரசிகர் புனைகதைக் களத்தில் மகளிர் பங்கு மிகுந்திருப்பதும் இத்தகையதே. ஆகவே, மகளிர் கதையை நாடுவது அவர்தம் பிறவி இயல்பா, அன்றி அவர்க்குக் கிடைத்த களத்தின் விளைவா என்பதைத் தேடற்கணக்கு மட்டும் கொண்டு துணிய இயலாது.

அறநோக்கு

2006ஆம் ஆண்டு ஏ.ஓ.எல். நிறுவனம் ஆறரை லட்சம் பயனர்களின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை ஆய்வுக்கென வெளியிட்டது. பெயருக்கு மாற்றாக எண்கள் இடப்பட்டிருந்தும், சில நாட்களிலேயே ஒருவர் இன்னார் என அடையாளம் காணப்பட்டார். நிறுவனம் தரவைத் திரும்பப் பெற்றது; எனினும் அதற்குள் அது பலர் கைக்குச் சென்றுவிட்டது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. எல்லார்க்கும் பொதுவான உணர்வை ஒருவர்மேல் ஏற்றாது பேசவும் ஆராயவும் அந்நெறி இடமளிக்கிறது. இன்றைய தரவாய்வு, பெயரை நீக்கியும் ஆளை நீக்காது நிற்கிறது.

மேலும், கண்டறிந்த இயல்பு கடமையை வரையறுப்பதில்லை. ஆடவர் வேட்கை காட்சிவழிப்பட்டது என்றே கொண்டாலும், அது பிறர்க்குத் தீங்கிழைப்பார்க்கு விலக்களிக்காது. அவ்வாறு விலக்களிப்பது ஆடவரையும் பொறுப்பற்ற கருவிகளாகத் தாழ்த்துவதாகும். மகளிர் தேடல் குறைவு என்பதால் அவர்தம் விருப்பத்தைக் கருத்திற் கொள்ளத் தேவையில்லை என்பதும் பிழையே.

முடிவாக, இணையத் தேடல் வேட்கைக்கு ஒரு சான்று, முழுச்சான்று அன்று. யார், எக்களத்தில், எவ்வச்சத்தோடு தேடினார் என்று வினவிய பின்னரே அதற்குப் பொருள் காண்டல் முறையாகும். கூறுவோர், கேட்போர், களன் ஆகியவற்றை நோக்கி அகப்பாட்டிற்குப் பொருள் காணும் உரைமரபில் பயின்றோர்க்கு இது புதிய வினா அன்று.