அப்பா அம்மாவுக்கு மலையடிவாரத்தில் ஒரு வீடு: வாங்கலாமா?





நம்ம குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, அப்பாவுக்கு 64, அம்மாவுக்கு 60. எனக்கு வெளிநாட்டில் வேலை. கோயம்புத்தூர் வடவள்ளி பக்கம், மூத்தவர்களுக்குன்னே கட்டின குடியிருப்பில் வீடு வாங்கணும்னு அவங்களே ஆசைப்படறாங்க. மருதமலை பக்கத்திலேயே இருக்குன்னு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா சொந்தக்காரங்க, 'பெத்தவங்களை ஹோம்ல தள்ளப் போறியா'ன்னு கேக்கறாங்க. இது பாவமா?"

தம்பி, நிதானமா யோசிப்போம்.

இது நமக்குப் புதுசு மாதிரி தெரியுது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் சன் சிட்டி என்ற ஊரை மூத்தவர்களுக்காகவே 1960-ல் திறந்தாங்க. ஆனா பேரப்பிள்ளை பிறந்தபின் குடும்பப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கணவனும் மனைவியும் தனியே போய் இறைவனை நினைக்கும் வானப்பிரஸ்தம் நம்ம மரபிலேயே உண்டு. வயசான காலத்தில் இடம் மாறுவது அவமானம் இல்லை.

பழனிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஞானப்பழத்துக்காகப் பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்தார். நம்ம முருகன் உலகத்தைச் சுற்றி வந்தார், பழம் கிடைக்கல, கோபிச்சுக்கிட்டு மலையேறிட்டார். அப்புறம் என்ன நடந்தது? அம்மையும் அப்பனும் அவரைத் தேடி மலைக்கு வந்தாங்க. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகல. "பழம் நீ" என்று சொல்லி, அவர் இருக்கிற இடத்திலேயே அவரைக் கொண்டாடினாங்க. தனி மலையில் இருந்ததால் அவர் பிள்ளை இல்லாமல் போயிட்டாரா? இல்லையே. தேடி வந்ததால் உறவு நின்னுது.

இப்போ உங்க வீட்டில் மலைக்குப் போக ஆசைப்படறவங்க பெத்தவங்க. அப்போ தேடிப் போக வேண்டியது யார்? நீங்கதான்.

இன்னொரு கதையும் பாருங்க. தினைப்புனத்துக்கு முருகன் கிழவனா வந்து வள்ளியம்மையிடம் பசி, தாகம் என்றார். தேனும் தினைமாவும் கொடுத்தாள், தண்ணீர் காட்டினாள். வேலூர் மாவட்டத்து வள்ளிமலை இந்தக் கதையைச் சொல்லும் தலம். தேனும் சாமையும் தினையும் எங்க மலையிலும் உண்டு, அதனால இந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கம். கிழவர் வாய் திறந்து கேட்டார், வள்ளி காது கொடுத்துக் கேட்டாள். நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாத்தையும் வாய் திறந்து கேக்க மாட்டாங்க. நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். "பையனுக்குத் தொந்தரவு வேண்டாம்"னு நினைச்சு அப்பா சரின்னு சொன்னாரா, உண்மையிலேயே ஆசையா? அப்பாவிடம் தனியா, அம்மாவிடம் தனியா கேளுங்க. ஒருத்தருக்கு மனசில்லைன்னா வாங்காதீங்க.

ரெண்டு பேருக்கும் ஆசைதான்னா, பக்தியோட புத்தியும் வேணும்.

🔸 ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். சாப்பாடு, பக்கத்து வீட்டு மனுஷங்க எல்லாம் அப்பதான் தெரியும்.

🔸 கிரயப் பத்திரமா, ஆயுள் வரைக்கும் குத்தகையா என்று படிங்க. ரெண்டும் வேற வேற.

🔸 கட்டுமானத் திட்டம் தமிழ்நாடு ரெரா பதிவில் இருக்கான்னு பாருங்க.

🔸 மாதப் பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? ஒருத்தர் காலமானபின் மற்றவருக்கு என்ன ஏற்பாடு? எழுத்தில் வாங்குங்க.

🔸 ராத்திரி 2 மணிக்கு நெஞ்சுவலி வந்தா ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? "ஜவ்வாது மலையிலேயே இடம் கிடைக்குமா?"ன்னும் சிலர் கேக்கறீங்க. காத்து நல்லா இருக்கும். ஆனா பெரிய வைத்தியத்துக்கு வளைவு வளைவா மலை இறங்கி திருவண்ணாமலையோ வேலூரோ போகணும். அதோட இது மலையாளிப் பழங்குடி மக்களின் மண், அவங்க வாழ்வாதாரம். தரிசனத்துக்கு வாங்க, மனை தேடி வர வேண்டாம்.

🔸 வீடு அவங்க பேரிலேயே இருக்கட்டும். பழைய வீட்டை உங்க பேருக்கு எழுதச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்க 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு வழி தருது. சட்டம் அவ்வளவு தூரம் வரவேண்டி வந்ததே, அதை நினைச்சுப் பாருங்க.

தமிழில் வீடு என்றால் குடியிருக்கும் இடம், முக்தியும் அதே சொல்தான். முருகனுக்கே ஆறு படைவீடு. ஒவ்வொன்றுக்கும் நாம நடந்து போறோம், படி ஏறுறோம், வரிசையில் மணிக்கணக்கா நிக்கிறோம். அப்பா அம்மா இருக்கிற வீட்டை ஏழாவதா சேர்த்துக்கோங்க தம்பி. பணம் அனுப்பறது காணிக்கை. நேரில் போறதுதான் தரிசனம்.

வெளிநாட்டில் இருந்தா, மாசாமாசம் கிருத்திகை அன்னைக்கு விளக்கேத்தும்போது வீடியோ காலில் கூப்பிடுங்க. "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுட்டு வைக்காம, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் கேளுங்க. லீவு கிடைச்சா முதல் டிக்கெட் அங்கே போடுங்க. இதுக்கு மனசு இருந்தா தாராளமா வாங்குங்க, பாவமே இல்லை. இதுக்கு மனசு இல்லைன்னா, ஒரே வீட்டில் வச்சிருந்தாலும் அவங்க தனியாதான் இருப்பாங்க.

இதைப் படிச்சதும் பகிர்வதற்கு முன்னாடி, வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏🦚