போகிறவர் விதைக்கலாமா?

ஊரை விட்டுப் போவதென்று முடிவாகிவிட்ட ஒருவர், அந்தப் பருவத்திலேயே தோட்டம் கொத்தி விதை போடுவது அறிவுடைமையா? கேட்பதற்கு இது விவசாயக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒரு மனிதன் தான் வாழும் இடத்துக்கும் அயலவருக்கும் தன் பிள்ளைகளுக்கும் எந்த நாள்வரை கடமைப்பட்டிருக்கிறான் என்ற கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. ஊவா மலைகளிலே நம் மக்கள் பலருக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களைத் தொகை பார்த்துப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டன. ரயில் ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரம், பின்னர் மண்டபம் முகாம் என்று நீண்ட பயணம் அது.

அந்த எழுபதுகளில் ஓர் இளங்குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் இருவர். இந்தியப் பாஸ்போட் கைக்கு வந்துவிட்டது. பயண நாள் மட்டும் தெரியாது. அடுத்த மாதமாக இருக்கலாம், அடுத்த வருஷமாகவும் இருக்கலாம். ஆடி ஆவணியில் அடித்த கச்சான் காற்று ஓய்ந்து, ஐப்பசி மழை பிடித்துவிட்டது. லயத்தைச் சுற்றிய கான்களைத் துப்புரவாக்க வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடுகைப் பத்திரம், சேமலாப நிதிக் கணக்கு, பசுவை யாரிடம் ஒப்படைப்பது என்ற யோசனை, ட்ரங்குப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்ற வாக்குவாதம். இத்தனைக்கும் நடுவே, லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் போஞ்சியும் கிழங்கும் போட வேண்டிய பருவமும் இதுதான்.

“போகிற நமக்கு எதற்குத் தோட்டம்? விதைக்கிழங்கை அவித்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒருவேளைப் பசியாவது ஆறும்” என்று மனைவி சொல்வாளானால், அதை அற்பப் பேச்சென்று தள்ள முடியுமா? 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் போதாமல் தோட்டங்கள் பட்டினி கிடந்ததை அறிந்தவர் எவரும் அப்படித் தள்ளமாட்டார். பிள்ளையின் இன்றைய பசிக்கு முன்னால் வேறெந்தக் கடமையும் பெரிதன்று. ஆகவே, விதைப்பதே எப்போதும் தர்மம் என்று நாம் வாதிடவில்லை.

ஆனால் அந்த வாதம் பசியோடு நின்றுவிடாமல், போகப் போகிறோம் என்ற காரணத்துக்காகவே கையைக் கட்டிக்கொள்ளத் தூண்டுமானால், அங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, விதைத்தவன் உண்ணாவிட்டால் விதை வீண் என்பது கணக்குக்குச் சரி, வாழ்க்கைக்குச் சரியன்று. போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கும். அதற்குள் கப்பல் ஏறிவிட்டால், பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் அதைத் தின்னும். அந்தத் தேயிலைச் செடிகளை நட்ட முன்னோர் யாருக்காக நட்டார்கள் என்பதையும் நினைக்கலாம். அவர்களின் உழைப்பை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; இங்கேயோ கொடுப்பவன் தன் மனதாரக் கொடுக்கிறான். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, காத்திருப்பும் சீவியமே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், வீடு கட்டித் தோட்டம் போட்டு அங்கேயே வாழும்படி அறிவுறுத்தினார். அவர்களுக்கு எழுபது ஆண்டு என்ற எல்லையாவது சொல்லப்பட்டது. நம்மவர்க்கு எந்த எல்லையும் சொல்லப்படவில்லை. 1984இல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போட் பெற்றும் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டந்தான் அவர்கள் இலங்கைப் பிரசாவுரிமை பெற வழி திறந்தது. நாளை போகிறோம் என்று கான் வெட்டாமலும் விதை போடாமலும் இருந்தவர்கள், அப்படியே எத்தனை ஐப்பசிகளை இழந்திருப்பார்கள்!

மூன்றாவது, பிள்ளைகள். பெரியவர்களுக்கு அது காத்திருக்கும் காலம். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அதுவே குழந்தைப் பருவம், வேறொன்று கிடைக்காது. பெட்டி கட்டுவதை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, எந்த இடமும் நமக்குச் சொந்தமில்லை என்றே கற்றுக்கொள்ளும். தகப்பனோடு குனிந்து பாத்தி கட்டிய பிள்ளை, கோத்தகிரியிலோ கூடலூரிலோ போய் இறங்கினாலும் மண்ணைக் கண்டால் கை வைக்கும்.

நவம்பர் 2ஆம் திகதி மரித்தோர் தினத்தில் தோட்டத்துக் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றுவது நம் வழக்கம். புறப்படும் குடும்பத்துக்கு அது கடைசித் தடவையாக இருக்கலாம். அடுத்த வருஷம் புல் மூடிவிடும் என்பதற்காக யாராவது இந்த வருஷம் புல்லைச் செதுக்காமல் விடுவார்களா? விடமாட்டார்கள். விதைப்பதையும் அப்படியே பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காத்திருந்தவர்களின் பொறுமையைப் புகழ்ந்து, அவர்களைக் காக்க வைத்தவர்களின் அநியாயத்தை மூடக்கூடாது. தாய் ஒரு நாட்டுக்கும் மகன் மறு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. இலங்கைப் பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கப்பட்ட 300,000 பேரைவிட மிகப் பலராக இருந்தும், தொகை அவர்களுக்காக மாறவில்லை. விதைத்தவனின் நற்குணம் அவனுடையது. அதைக் காட்டி எந்த அரசும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

இந்தக் கேள்வி அந்தக் கப்பலோடு போய்விடவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபின், உயிர் தப்பியவர்கள் புது வீட்டுக்காக நெடுங்காலம் தற்காலிக இடங்களில் காத்திருந்தார்கள். கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிப் புறப்படும் இளங்குடும்பங்கள் இன்றும் நம் தோட்டங்களில் உண்டு.

அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுவே: பிள்ளைகளின் பசியாறிய பின் கையில் ஒருபிடி விதை மிஞ்சுமானால், போடுங்கள். கடனைத் தீர்த்து, கானை வெட்டி, மனஸ்தாபம் உள்ள அயலவரோடு பேசிவிட்டுப் போங்கள். தங்கியிருக்கிற நமக்கோ கடமை இன்னும் நீண்டது. போனவர்களின் பாத்திக்குத் தண்ணீர் விடவேண்டும். அவர்களின் கல்லறைப் புல்லையும் ஆண்டுதோறும் நம்முடையதோடு சேர்த்துச் செதுக்கவேண்டும். இதை மறவாதிருப்போமாக.