யார் யாருக்குக் கடன்பட்டவர்?

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் உணவகம் நடத்தும் ஒரு வெளிநாட்டவருக்கு நீதிமன்றத்திலிருந்து ஓர் உறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எல்லாம் தாய் எழுத்து. தட்டுத்தடுமாறி அவர் படித்தறிவது இரண்டே: தம் கடையின் பெயர், ஏழு வருடம் அடுப்படியில் வெந்து, வியாபாரம் மந்தமென்று போன மாதம் நிறுத்தப்பட்ட பெண்ணின் பெயர். எவ்வளவு பணம் கேட்கிறாள் என்று மனம் முதலில் நினைப்பதில்லை. ‘அவள் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான்தானே கொடுத்தேன், என் மேலேயா வழக்கு?’ என்று குமுறுகிறது.

உதவி பெற்றவர் உரிமை கேட்டால் அது நன்றிகெட்டதனமா?

தாய் மக்கள் நன்றிக்கடனைப் ‘புன்குன்’ என்பார்கள். புண்ணியமும் குணமும் சேர்ந்த சொல். நம் காதுக்கு உறவுதான். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய அந்தக் கடனை, முதலாளி தமக்கும் எதிர்பார்க்கிறார்.

சட்டத்தின் கணக்கு வேறு. 1998-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு ஆண்டு முடித்து பத்து நிறையாதவரைக் குற்றமில்லாமல் நீக்கினால் 240 நாள் ஊதியம் தர வேண்டும். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கக் கட்டணமில்லை. எழுத வராதவர் வாய்மொழியாகவே சொல்லலாம். நீதிபதியோடு முதலாளிகள் தரப்பிலும் தொழிலாளர்கள் தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் அமர்வார்கள். வேலைநீக்கத்தின்போது சொல்லாத குற்றத்தைப் பிறகு கிளப்பி அந்தப் பணத்தை மறுக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அதை 240 நாளில் கழித்துக்கொண்டால், கொடுத்தது தர்மமாக நிற்காது, முன்பணமாகிவிடும்.

அந்நாட்டினர் போற்றும் பௌத்தம் இதைப் பேசாமல் விடவில்லை. சிகாலோவாத சூத்திரத்தில், ராஜகிருகத்தில் ஒரு காலை, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஆறு திசைகளையும் வணங்கி நிற்கும் இளைஞனைப் புத்தர் பார்க்கிறார். திசை என்பது உறவு என்று விளக்குகிறார். கிழக்கு பெற்றோர், காலடிக்குக் கீழே இருக்கும் திசை வேலையாட்கள். முதலாளியின் கடமைகளை முதலில் அடுக்குகிறார்: வலுவுக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்ல பண்டத்தில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. முதலாளியின் புகழைச் சொல்வது உள்ளிட்ட வேலையாளின் கடமைகள் பிறகுதான் வருகின்றன, அதுவும் ‘இப்படிப் பேணப்பட்டவர்கள்’ என்ற முன்னுரையோடு. வரிசை தற்செயலானதல்ல. ஆஸ்பத்திரிச் செலவைக்கூட இந்தப் பட்டியல் சலுகையாக அல்ல, கடமையாகவே வைக்கிறது.

வெளிநாட்டவருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அவருக்கு வேலை அனுமதி கிடைக்க, பொதுவாக நிறுவனத்தில் நான்கு தாய்லாந்து ஊழியர்கள் இருந்தாக வேண்டும். அந்த நால்வரில் இவளும் ஒருத்தியாக இருந்தால், அவர் அந்த ஊரில் கடை வைத்திருந்ததே இவள் பெயர் தாளில் இருந்ததால்தான். புன்குன் எந்தப் பக்கம் ஓடுகிறது?

இதற்காகப் பொய்யான கோரிக்கைக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. வராத நாளை வந்ததாகச் சொன்னால், வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டுவது நியாயம். மௌனமாயிருப்பது கருணை ஆகாது.

விசாரணைக்கு முன் நீதிபதி இரு தரப்பையும் உட்காரவைத்து சமரசம் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். மேசைக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பெண். இவர் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். தொகையைப் பற்றிப் பேச்செடுக்கும் முன் கைகூப்பி, அம்மா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கலாம். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது. ஏழு வருடத்தில் அந்த அளவு தாய்லாந்து மொழி அவளிடமே கற்றிருப்பார்.