இல்லறத்தாரும் கருத்தடையும்

மகப்பேற்றை வரையறுக்கக் கருதும் கணவனும் மனைவியும் அதற்குரிய வழியை எங்ஙனம் தெரிந்துகோடல் வேண்டும் என்பது இஞ்ஞான்று இல்லந்தோறும் எழும் வினாவாகும். சித்தாந்த நெறி நிற்பார்க்கு இதன்கண் இரண்டு ஐயங்கள் நிகழ்கின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கருவுறாமற் காத்தல், உடம்பெடுக்க வரும் உயிரைத் தடுத்தலாகாதோ என்பது முதல் ஐயம். ஆகாது என்க. உயிர்கட்கு அவ்வவற்றின் வினைக்கேற்ப மாயையினின்றும் உடம்பைக் கூட்டுவோன் இறைவனே. ஒரு வாயில் அடைபட்டமையால் அவன் கருணை தடைப்படும் என்பது அவனது பேராற்றலுக்கு இழுக்காம். அன்றியும், மகப்பெறாமையே உயிரைத் தடுத்தலாயின், துறவறம் பூண்ட தம்பிரான்மாரும் அக்குற்றத்திற்கு உரியராவர். அவர் புலனடக்கம் உடையரெனின், அது வேறொரு சிறப்பு. உயிரைத் தடுத்த குற்றம் இருதிறத்தார்க்கும் இல்லை என்பதே ஈண்டுத் துணிவது. கருவுற்றபின் அதனைச் சிதைத்தல் முற்றும் வேறாய வினா. அதனை ஈண்டு எடுத்துக்கொண்டிலம்.

இனி, இருவருள் யார் அவ்வருத்தத்தை ஏற்பது என்பது இரண்டாம் ஐயம். உலகர் பலர் இதனை ஓர் ஐயமாகவும் கருதாது மகளிர்மேற் சுமத்துகின்றனர். 2019-21ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் மணவாழ்விலுள்ள 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர். கணவர் செய்துகொண்டதோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆடவர்க்குரிய அறுவை வயிற்றைத் திறவாது முடிவது, இடர் குறைந்தது. விந்தணு செல்லும் குழல் மட்டுமே அடைபடுதலின் ஆண்மையும் உடல்வலியும் குன்றா. ஏறத்தாழ மூன்று திங்கள் வரை வேறு காப்பும், பின்னர்ச் சோதனையும் வேண்டும், அவ்வளவே.

ஆயினும் 'யாம் ஆடவர்' என்னும் செருக்கே தடையாய் நிற்கின்றது. ஆண் பெண் என்னும் வேறுபாடு உடம்பிற்கன்றி உயிர்க்கு இல்லை என்பது நம் நூற்றுணிபு. உடம்பின் இயல்பைத் தன்னியல்பெனக் கொண்டு மற்றோர் உயிரை வருந்த விடுதல் ஆணவ மறைப்பின் செயலன்றோ? யாமும் எம் இல்லறத்தில் இவ்வினாவை எழுப்பாமலே கழித்தேம்; அது பிழையென இன்று உணர்கின்றேம்.

மேலும் மகவு வேண்டா எனத் துணியாத இளையோர் நிலையான அறுவையை விடுத்து, உறை, மாத்திரை, காப்பர்-டி முதலிய மீளத்தக்க வழிகளுள் ஏற்றதை மருத்துவரை வினாவி மேற்கொள்க. 1975 முதல் 1977 வரை நிகழ்ந்த நெருக்கடிநிலைக் காலத்தில் அரசினர் வற்புறுத்தி அறுவை செய்வித்தமை அறமாகாதவாறு போல, இல்லத்துள் ஒருவர் மற்றவரை வற்புறுத்தலும் அறமாகாது. மாதொருபாகனை வழிபடுவோன், தன் பாகமாய் நிற்பாளைக் கேளாது அவள் உடம்பைக் குறித்துத் துணிவானாயின், அவ்வழிபாடு நாவளவிற்றேயாம்.

திருச்சிற்றம்பலம்.