ஆசிரியரின் ஊதியம் எதற்குரியது?

மதரசா நிர்வாகக் கூட்டமொன்றில் அண்மையில் ஓர் அன்பர் எழுந்தார். அவர் ஜவுளி வணிகர். "எங்கள் கடையில் துணி விற்றுக் கொடுத்தவனுக்குத்தான் கமிஷன், விற்காதவனுக்கு இல்லை. பிள்ளை தேறினாலும் தேறாவிட்டாலும் உஸ்தாதுக்கு ஒரே சம்பளம் என்பது என்ன நியாயம், ஹஜ்ரத்?" என்று கேட்டார். பலர் தலையசைத்தனர். நாமும் உடனே மறுமொழி கூறவில்லை. அது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. மாதச் சம்பளம் உறுதி என்னும் தைரியத்தில், பிள்ளைகளை உரக்க ஓதவிட்டுத் தாம் செய்தித்தாளில் மூழ்கியிருக்கும் ஆசிரியரை நாமும் கண்டிருக்கிறோம். அவருக்கும், தொண்டை வற்றப் பாடம் கேட்பவருக்கும் ஒரே தொகையா என்று பெற்றோர் வினவினால் அதில் தவறு காண முடியாது.

கூலி வாங்கி ஓதிக்கொடுப்பதே ஆகுமா என்பதில் நம் முன்னோர் கருத்து வேறுபட்டனர். முற்கால ஹனஃபி அறிஞர்கள் ஆகாதென்றனர். ஓதிக்கொடுப்போருக்கு பைத்துல்மாலிலிருந்து கிடைத்துவந்த உதவி நின்றுபோய், கல்வியே அழிந்துவிடுமோ என்னும் அச்சம் பிறந்தபோது, பிற்காலத்தவர் ஆகுமென்றனர். ஷாஃபி மத்ஹபிலோ முன்பே அனுமதி உண்டு. அது முடிந்துபோன வழக்கு. கூலி வாங்கலாம் என்றால், அக்கூலி எதற்கு என்பதே இன்று நம்முன் உள்ள வழக்கு.

ஃபிக்ஹு நூல்கள் இதற்கு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்துள்ளன. ஒன்று 'இஜாரா': ஒருவரின் உழைப்பையோ நேரத்தையோ இன்ன கூலிக்கு அமர்த்துவது. மற்றொன்று 'ஜுஆலா': "காணாமற்போன என் ஒட்டகத்தைக் கொண்டு வருபவருக்கு இவ்வளவு" என்று அறிவிப்பது. இதில் மூன்று நாள் பாலைவனத்தில் அலைந்தவருக்கும், ஒட்டகம் கையில் இல்லையேல், ஒன்றுமில்லை. பயணத்தில் இருந்த நபித்தோழர்கள் சிலர், கொட்டுப்பட்டுத் துடித்த ஒரு கூட்டத்தலைவருக்கு ஃபாத்திஹா ஓதி, அவர் குணமடைந்ததும் பேசியபடி ஆட்டு மந்தையைப் பெற்றதும், பெருமானார் (ஸல்) அதனை ஏற்றுக்கொண்டதும் ஹதீஸில் உண்டு. ஜுஆலாவுக்கு அறிஞர்கள் அதனையும் சான்றாகக் கொள்வர். வணிக அன்பரின் கமிஷன் இந்த வாசல் வழியே வருவது. துணி விற்றதா இல்லையா என்பதைக் கண்ணால் காணலாம். ஒட்டகம் வந்ததா இல்லையா என்பதையும் காணலாம். பிள்ளைக்குக் கல்வி வந்ததா என்பதை எந்த நாளில், எந்தக் கண்ணால் காண்பது?

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் 'மின்ஹாஜு'த் தாலிபீனில், குர்ஆன் கற்பிக்கும் கூலியை ஒரு காலக்கெடுவைக் கொண்டோ, இன்ன இன்ன சூராக்கள் என்று குறிப்பிட்டோ வரையறுக்கலாம் என்று எழுதுகிறார். இது இஜாராவின் வாசல். இன்னும் நுட்பமான ஒரு கேள்வியும் ஷாஃபி நூல்களில் உண்டு. கற்ற பிள்ளை கற்றதை மறந்துபோனால், மீண்டும் கற்பிக்கும் கடமை உஸ்தாதுக்கு உண்டா? கருத்துகள் பல, ஊர் வழக்கைப் பார்க்க என்பதும் அவற்றுள் ஒன்று. மறதி என்னும் நட்டம் யார் கணக்கில் ஏறும் என்பதை அப்பெரியார்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள் என்றால், 'தேறவில்லை, எனவே சம்பளமில்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பளிக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

தமிழ்ப் புலவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துள்ளனர். பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரை அன்னம், பசு, நிலம், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று வகைப்படுத்துவதைப் பலர் அறிவர். அதே நூல் கூறும் மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகிறோம். ஆசான் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கல்வியில் காற்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகி ஒரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைத்து எஞ்சிய அரைப்பங்கு. பன்னூறு ஆண்டுகளுக்குப் பின், 2014இல், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர் மதிப்பெண்களிடையே காணும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 விழுக்காடு என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிபு என்று அது கூறுகிறது. நன்னூலார் ஆசிரியரிடம் சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறார்!

தேர்ச்சிக்கேற்ற பணம் என்பது புதிய யோசனையுமன்று. இங்கிலாந்தில் கல்விப் பொறுப்பை வகித்த ராபர்ட் லோ 1862இல் இதனைச் சட்டமாக்கினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் பள்ளிக்கு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைப்பு. ஆசிரியரின் ஊதியம் பெரும்பாலும் இம்மானியத்தை நம்பியே இருந்தது. விளைந்தது என்ன? பணம் தராத பாடங்கள் வகுப்பிலிருந்து மெல்ல வெளியேறின. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு, கற்பித்தல் உயிரற்ற இயந்திர வேலையாகிவிட்டது என்றும், பிள்ளைகள் வாசிப்பு நூலை மனப்பாடம் செய்தே தேர்வில் தேறுகின்றனர் என்றும் தம் அறிக்கைகளில் முறையிட்டார். ஓதிக்கொடுப்போருக்கு இது நன்கு தெரிந்த தந்திரம். செவிப்பழக்கத்தால் யாஸீன் முழுவதையும் கடகடவென ஒப்பிக்கும் பிள்ளையின் முன் நடுப்பக்கத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தில் ஓதச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாமல் விழிக்கும். அந்த முறை இங்கிலாந்தில் 1890களில் கைவிடப்பட்டது. அதன் நகலாக நம் சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளுக்கும் வந்திருந்த தேர்ச்சி மானியத்தை, கர்ஸன் பிரபு காலத்து இந்திய அரசின் 1904ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் ஒதுக்கியது. ஆனாலும் ஆசை போகவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மதிப்பெண் இலக்கை எட்டியோருக்கு வெகுமதியும் எட்டாதோருக்கு அச்சுறுத்தலுமாக இருந்த நாளில், ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தினர். 2011இல் வெளியான விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைச் சுட்டியது. 2015இல் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

திருத்துவது பாவம் என்று எல்லாரும் அறிவர். பாவமென்று தெரியாமலே நடப்பது ஒன்றுண்டு. அதனைச் சொல்ல நாம் நம் கதையையே சொல்லியாக வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் பட்டம் பெற்று வந்த புதிதில், ஓர் ஊரின் மக்தபில் ஓதிக்கொடுத்து வந்தோம். ஆண்டு விழாவுக்குள் குர்ஆனை ஓதி முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று, சம்பளத்துக்கு மேலாக ஓர் அன்பளிப்பை நிர்வாகத்தார் நல்லெண்ணத்தோடு அறிவித்தனர். நம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன். ஸீனும் ஸாதும் அவனுக்கு ஒன்றாகவே ஒலிக்கும். நேற்றைய பாடம் இன்று இராது. நாம் அவனை அடிக்கவுமில்லை, கடிந்து பேசவுமில்லை. முடிக்கக் கூடியவர்களை முதலில் அழைத்துப் பாடம் கேட்டோம். அவன் முறை வரும்போது பெரும்பாலும் நேரம் முடிந்திருக்கும். வரிசையில் அவன் இடம் வாரந்தோறும் சிறிது பின்னுக்குப் போயிற்று. யாரும் நமக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. விழாவில் ஒன்பது பிள்ளைகள் முடித்தனர், மாலையிட்டார்கள், பணமும் வந்தது.

திருமறையின் 80ஆம் அத்தியாயமான 'அபஸ'வை அதன்பின் ஓதும்போதெல்லாம் நாம் அவ்விடத்தில் சற்று நின்றுவிடுகிறோம். குறைஷித் தலைவர்கள் நேர்வழிக்கு வரக்கூடும் என்னும் ஆவலில் பெருமானார் (ஸல்) அவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்கும் விருப்போடு குறுக்கே வந்தார், அவரிடமிருந்து திருமுகம் திரும்பியது, இறைவசனம் இறங்கியது. அங்கே கூலியின் நிழல்கூட இல்லை. தூய நோக்கமும் நல்ல பலனின் மீதான ஆவலுமே இருந்தன. அதற்கே அந்த நினைவூட்டல் வந்ததென்றால், பலனோடு பணத்தையும் சேர்த்துக் கட்டிய நம்மைப் போன்றோரின் முகம் எந்தப் பக்கம் திரும்பும்?

நடுநிலைக்காக எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005 முதல் ஆந்திரத்தின் நூற்றுக்கணக்கான கிராமத் தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வில், ஊக்கத்தொகை தந்த பள்ளிகளின் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். தொகை சேராத பாடங்களிலும் முன்னேறினர். இதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அங்கே சம்பளத்தில் கைவைக்கவில்லை. ஊக்கத்தொகை சராசரியாக ஆண்டுச் சம்பளத்தின் 3 விழுக்காடு அளவே. தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர் என்றும் எண்ணவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்றே அளந்தனர். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அங்கே கணக்கு இருந்தது. ஆயினும், ஆசிரியர் பள்ளிக்கு வராமல் இருப்பது அத்தொகையால் குறையவில்லை என்பதையும் அவர்களே எழுதியுள்ளனர். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 2006 முதல் மூன்றாண்டுகள் கணித ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை வைத்துப் பார்த்தும், மொத்தத்தில் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை.

ஆகவே வணிக அன்பருக்கு நாம் சொன்னது இதுதான். உஸ்தாதின் சம்பளம் அவரது உழைப்புக்குரிய கூலி. அதனைப் பலனோடு கட்டாதீர்கள். அதற்குப் பதிலாக அவரது உழைப்பைக் கடுமையாகவே கேளுங்கள். நேரத்துக்கு வந்தாரா? ஒவ்வொரு பிள்ளையின் பாடத்தையும் தனித்தனியே கேட்டாரா? செய்தித்தாள் வாசித்தாரா? அமானிதத்தில் தவறியவரின் கூலியைக் குறைக்க உங்களுக்கு உரிமையுண்டு. அன்பளிப்பு தரும் மனம் இருந்தால், முடித்தவர்களின் தலைக்கணக்கில் தராதீர்கள். எல்லாரினும் பின்தங்கிய பிள்ளை எதுவரை வந்தது என்று பார்த்துத் தாருங்கள். அன்பர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நாங்கள் வாரந்தோறும் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமே, ஹஜ்ரத்" என்றார். ஆம், பார்க்கத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு விழாவுக்குப் பிறகும் அந்தப் பையன் சில மாதங்கள் வந்தான், பின் நின்றுவிட்டான். மக்தபில் அப்போது பிள்ளைகள் வாரக் காசு கொண்டுவரும் வழக்கம் இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலர் மறந்துவிடுவர். நாம் அவன் பாடத்தைக் கேட்காமற்போன வாரங்களிலும், அவன் தகப்பனார் கொடுத்தனுப்பிய காசு மட்டும் ஒரு வாரமும் தவறியதில்லை.