காணாத கிரீஸ்

சில வருஷங்களாக ஒரு கேள்வி என்னோடு இருந்துவருகிறது. பார்க்காத ஒரு தேசத்தின்மீது ஆசை வைப்பவன், அங்கே வசிக்கிறவர்களுக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? வங்கியில் வேலை பார்ப்பதால் கடன் என்ற சொல் வந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

என் விஷயத்தில் அந்தத் தேசம் கிரீஸ். பி.ஏ. வகுப்பில் கீட்ஸின் கிரேக்க ஜாடிக் கவிதையைப் பாடமாகப் படித்தபோது ஆரம்பித்தது. கீட்ஸும் கிரீஸைப் பார்த்ததில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பிரிட்டிஷ் அரசு 1816இல் விலைக்கு வாங்கிய பார்த்தெனன் சிற்பங்களை 1817இல் லண்டனில் பார்த்தார். அவருடைய கிரீஸ் மியூசியத்திலும் புத்தகங்களிலும் இருந்தது. ஆக, போகாத ஒருவரிடமிருந்து போகாத நான் பெற்றுக்கொண்ட ஆசை இது.

அவருக்கு முன்னால் இன்னொரு போகாதவர், வின்கெல்மன். ஒரு செருப்புத் தொழிலாளியின் மகன். 1764இல் வெளியான அவருடைய கலை வரலாறுதான் ஐரோப்பாவுக்கு கிரீஸைக் கற்றுக்கொடுத்தது. ரோமில் அவர் பார்த்து உருகிய சிலைகளில் பெரும்பாலானவை ரோமானியர்கள் செய்த பிரதிகள். கிரீஸுக்குப் போக வாய்ப்புகள் வந்தன, தட்டிக்கழித்தார். 1768இல் திரியெஸ்த் நகரத்தில் ஒரு விடுதியில் கொலையுண்டார். அவர் தயக்கத்தைப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை.

எதற்காக இந்த ஆசை? ஹோல்டர்லினிடம் ஒரு பதில் இருக்கிறது. அவரும் போகாதவர். அவருடைய ஹைபீரியன் நாவல் (1797, 1799) கிரீஸில் நடக்கிறது. முடிவை நெருங்கும்போது ஜெர்மானியர்கள்மீது கடுமையான குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது. கனவு தேசம் என்பது சொந்த ஊரைப் பற்றிய புகார்தான். நாள் முழுக்கக் கௌண்டரில் உட்கார்ந்து மற்றவர்கள் பணத்தை எண்ணுகிறவனுக்கு, மனிதன் முழுமையாக இருந்த இடம் ஒன்று எங்கோ இருந்தது என்று நம்பவேண்டியிருக்கிறது. இதில் தவறில்லை.

தவறு அடுத்த அடியில் நேர்கிறது. ஹோல்டர்லினே அதைக் கண்டுவிட்டார். நாவலில், விடுதலைக்காகக் கிளம்பிய ஹைபீரியனின் படை மிஸ்த்ரா நகரத்தைக் கொள்ளையடிக்கிறது; அவன் நொறுங்கிப்போகிறான். கால் நூற்றாண்டுக்குள் இந்த ஏமாற்றம் நிஜத்திலேயே நிகழ்ந்தது. 1821இல் கிரேக்கர்கள் துருக்கிய ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் உதவிக்குப் போனார்கள். பெரிக்ளிஸின் வாரிசுகளைத் தேடிப் போனவர்கள் கண்டது பசித்த குடியானவர்களையும் மலைக்கொள்ளைத் தலைவர்களையும். பலர் வெறுத்துத் திரும்பினார்கள். 1830இல் ஃபால்மெரயர் என்ற சரித்திர ஆசிரியர், இப்போதுள்ள கிரேக்கர்களின் உடம்பில் பழைய கிரேக்க ரத்தம் ஒரு சொட்டும் இல்லை என்று வாதித்தார். அதாவது, கனவு பொய்த்துப்போனது கனவு கண்டவன் குற்றமல்ல. அங்கே குடியிருப்பவன் குற்றம்.

குடியிருப்பவர்களும் அந்தக் கனவை ஏற்றுக்கொண்டார்கள் என்பது இதைவிட மோசம். சுதந்திரத்துக்குப் பின் அக்ரோபொலிஸ் குன்றில் இடைக்காலத்தையும் துருக்கியர் காலத்தையும் சேர்ந்த கட்டடங்கள் அகற்றப்பட்டன. பல நூற்றாண்டு நின்ற ஒரு கோபுரம் 1875இல் ஷ்லீமனின் பணத்தில் இடிக்கப்பட்டது. நடுவில் வாழ்ந்த மனிதர்களின் தடயம் பழம்பெருமைக்கு இடைஞ்சலாகிவிட்டது. பிறகு, உள்நாட்டுப் போரின்போது, இடதுசாரிகளைத் தேசபக்தர்களாகத் திருத்துவதற்கென்று மக்ரோனிசோஸ் தீவில் முகாம்கள் நடந்தன. சித்திரவதை நடந்த இடம். அங்கே கைதிகளைக் கொண்டு பார்த்தெனனின் சிறு மாதிரிகளைக் கட்டவைத்தார்கள். கவிஞர் யானிஸ் ரிட்சோஸ் அந்தத் தீவில் அடைபட்டிருந்தவர். வின்கெல்மனின் கனவு இங்கே வந்து முடிந்தது என்று சொன்னால் அநியாயமாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பைரனின் கவிதைமீது எனக்குப் பெரிய மதிப்பு எப்போதும் இருந்ததில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவர் வேறு மாதிரி. 1809 முதல் 1811 வரையிலான பயணத்திலேயே கிரீஸைப் பார்த்து, மனிதர்களையும் தெரிந்துகொண்டவர், 1823இல் மறுபடி போனார். அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீரர்களே அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். அவர் திரும்பவில்லை. 1824 ஏப்ரலில் மிசலோங்கியில் காய்ச்சலில் இறந்தார். வயது 36. தெரிந்த பிறகும் மிஞ்சியிருந்த அன்பு அது.

ரிட்சோஸை நான் ஆங்கிலம் வழியாகப் படித்தது, கீட்ஸைப் படித்துப் பதினைந்து வருஷம் கழித்து. அந்தப் பதினைந்து வருஷமும் கிரீஸ்மீது ஆசையாகத்தான் இருந்தேன். ஜாடி செய்தவர்களுக்குப் பின்னும் அங்கே ஜனங்கள் இருந்திருப்பார்கள், சிறைக்குப் போயிருப்பார்கள், கவிதை எழுதியிருப்பார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. என் கணக்கில் இருக்கும் கடன் இதுதான். போய்ப் பார்ப்பதால் மட்டும் இது தீர்ந்துவிடாது. வெறுத்துத் திரும்பியவர்களும் போய்ப் பார்த்தவர்கள்தாம். போகாமல் இருப்பதாலும் தீராது.

செலவுக்கு வேண்டிய பணம் சேர்ந்திருக்கிறது. லீவும் பாக்கி இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. கனவைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தேன். யாரிடமிருந்து காப்பாற்றுகிறாய் என்று அவர்கள் கேட்டதில்லை.